சந்திரசேகர்: மறுப்பைத் தாண்டிய மாமேதை

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அறியாத தமிழ் மாணவர் குறைவு. சர் சி.வி. இராமனின் அண்ணன் மகன். 1983-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். சந்திரசேகர் எல்லையைக் கண்டவர். தொடக்கக் கல்லூரி வினாடி வினாவில் இந்த மூன்று விடைகளும் நமக்கு மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும். ஆனால் அந்த எல்லையை அவர் முதன்முதலில் கணக்கிட்டபோது அவருக்கு வயது 19. அதன்பின் 65 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார், ஓயாமல் உழைத்தார். அந்த 65 ஆண்டுகளின் உழைப்பு எங்கே போனது என்று நாம் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை வானத்தில் இருக்கிறது. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவிலிருந்து எக்ஸ்ரே கதிர்கள் வருகின்றன. அவை சீராக வருவதில்லை. கூடிக் குறைந்து மினுக்குகின்றன. அந்த மினுக்கத்தைப் படிக்க முயலும் இன்றைய ஆய்வாளர் எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்திரசேகரின் ஏதாவதொரு பழைய ஆய்வு அவருக்குக் கைகொடுக்கிறது. எனவே, அவரது வாழ்வை அந்த மினுக்கத்தின் வழியே சொல்ல இக்கட்டுரை முற்படுகிறது.

மினுக்கம் சொல்லும் செய்தி

முதலில் மினுக்கம் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். பெரிய விண்மீன் மண்டலங்கள் பெரும்பாலானவற்றின் நடுவே ஒரு பெருங்கருந்துளை இருக்கிறது. அதன் எடை சூரியனைப்போல் பல இலட்சம் மடங்கு முதல் பல நூறு கோடி மடங்கு வரை இருக்கலாம். அதனருகில் வரும் வாயு, வடிகாலில் இறங்கும் நீரைப்போல் சுழன்று ஒரு தட்டாகப் படிகிறது. உராய்வினால் தட்டு கொதிக்கிறது. தட்டுக்கு அருகே 100 கோடி டிகிரி அளவுக்கு வெப்பமேறிய எலெக்ட்ரான்களின் மூட்டம் நிற்கிறது. தட்டிலிருந்து கிளம்பும் ஒளி அந்த எலெக்ட்ரான்களில் மோதி, ஆற்றல் பெருகி, எக்ஸ்ரே கதிராக வெளிவருகிறது. இப்படி ஓயாமல் எரியும் நடுப்பகுதியைச் செயல்மிகு விண்மீன் மண்டலக் கரு என்பர்.

இவ்வளவு தொலைவில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாத அந்தப் பகுதியின் அளவை எப்படி அறிவது? ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தை நினைத்துப் பாருங்கள். எழுந்து நிற்கவேண்டும் என்ற செய்தி ஒரு மூலையில் தொடங்கி, ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அரங்கம் முழுவதும் எழுந்து நிற்க, செய்தி மறுமூலையை அடையும் நேரமாவது பிடிக்கும். அரங்கம் பெரிதானால் நேரமும் கூடும். ஆகவே அரங்கை நேரில் பார்க்காத ஒருவரிடம், கூட்டம் எத்தனை நொடியில் எழுந்தது என்று மட்டும் சொன்னால் போதும். அரங்கம் அதற்குமேல் பெரிதாக இருக்க முடியாது என்று ஒரு வரம்பை அவர் கணக்கிட்டுவிடுவார்.

விண்வெளியில் எந்தச் செய்தியும் ஒளியைவிட விரைவாகப் போக முடியாது. ஒளியின் வேகம் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர். ஒரு கருவின் எக்ஸ்ரே ஒளி 10 நிமிடத்தில் பெரிதும் மாறினால், அந்த ஒளி பிறக்கும் இடம் ஏறத்தாழ 18 கோடி கிலோமீட்டருக்குள் அடங்கவேண்டும். இது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றே அதிகம். ஒரு விண்மீன் மண்டலத்தோடு ஒப்பிட்டால் கடுகினும் சிறிது. அந்தக் கடுகுக்குள் இலட்சக்கணக்கான சூரியன்களின் எடை அடைந்து கிடக்கிறது என்றால் அது கருந்துளையாகத்தான் இருக்கவேண்டும்.

மயிலாப்பூரில் வளர்ந்த பிள்ளை

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர் அரசாங்கத் தணிக்கைத் துறையில் அதிகாரி. அவரது பணியின் பொருட்டே குடும்பம் லாகூரில் இருந்தது. தாயார் சீதாலட்சுமி பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். ஆயினும் தாமே ஆங்கிலம் கற்று, இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்த மகன் சந்திரசேகர். 1918-இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. வீட்டிலேயே பாடம் கற்ற சிறுவன் பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தாம் படித்து வைத்திருந்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை அன்று அறிந்தார். மனம் சோர்ந்து திரும்பவில்லை. புதிய இயற்பியலைத் தாமே கற்று, அடுத்த ஆண்டே லண்டன் ராயல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். ஒளி எலெக்ட்ரானில் மோதிச் சிதறும் காம்ப்டன் விளைவு பற்றிய கட்டுரை அது. கருந்துளையருகே எக்ஸ்ரே பிறப்பதும் இதே மோதலின் மறுபக்கத்தால்தான்.

கப்பலில் பிறந்த எல்லை

1930-இல் கேம்பிரிட்ஜ் செல்ல அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், தாயே அவரைப் போகச் சொல்லி வற்புறுத்தினார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். மறு ஆண்டு மே மாதம் தாயார் காலமானார். மகனால் அவரை மீண்டும் பார்க்க முடியவில்லை. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துயரத்தை விளக்கவேண்டியதில்லை.

அந்தக் கப்பல் பயணத்தில்தான் அவர் வெள்ளைக் குள்ள விண்மீன்களைப் பற்றிச் சிந்தித்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கும். எலெக்ட்ரான்கள் நெருக்கப்படும்போது எதிர்த்துத் தள்ளும்; அந்தத் தள்ளல் விண்மீனைத் தாங்கிப்பிடிக்கும் என்பது அன்றைய விளக்கம். எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதியைச் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்று சந்திரசேகர் உணர்ந்தார். சேர்த்துப் பார்த்தபோது தாங்கும் வலிமைக்கு ஓர் எல்லை வந்தது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன் வெள்ளைக் குள்ளனாக ஓய்வுபெற முடியாது. அப்படியானால் அது என்னவாகும்?

1935 ஜனவரி 11

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளரானபின், இந்தக் கணக்கை அவர் முழுமையாகச் செய்து முடித்தார். அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளர் எடிங்டன் அவரது அறைக்கு அடிக்கடி வந்து ஆய்வின் முன்னேற்றத்தை விசாரித்தார். இளைஞருக்கு அது பெருமையாக இருந்தது.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம் நடந்தது. சந்திரசேகர் தம் ஆய்வை வாசித்தார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன், அந்த ஆய்வின் அடிப்படையே தவறு என்றார். சந்திரசேகரின் வழியில் போனால் பெரிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒளியும் வெளியேற முடியாத நிலையை அடையும். இயற்கை அப்படிப்பட்ட அபத்தத்தை அனுமதிக்காது என்று வாதிட்டார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. 24 வயது இளைஞருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பும் கிட்டவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், எடிங்டன் கருந்துளையைத் தெளிவாகக் கண்டுவிட்டார். கண்டதை நம்ப மறுத்தார். அவ்வளவுதான்.

கணக்கு சரியென்பது போர், பவுலி போன்ற பேரறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. இந்த நிலையில் ஒருவர் என்ன செய்யலாம்? ஆயுள் முழுவதும் அந்த ஒரு வழக்கையே வாதாடலாம். அல்லது மனம் கசந்து ஒதுங்கிவிடலாம். சந்திரசேகர் இரண்டையும் செய்யவில்லை. தம் முடிவுகளை 1939-இல் ஒரு நூலாக எழுதி முடித்தார். பிறகு அத்துறையை விட்டு நகர்ந்து, முற்றிலும் வேறொன்றைத் தொடங்கினார். எடிங்டனோடு கொண்டிருந்த தனிப்பட்ட மரியாதையையும் அவர் முறித்துக்கொள்ளவில்லை.

பத்தாண்டுக்கு ஒரு துறை

1936-இல் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதாவை மணந்தார். 1937 தொடக்கத்தில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதற்குரிய யெர்க்கிஸ் வானாய்வகத்தில் பணியாற்றினார். அங்கும் எதிர்ப்பு காத்திருந்தது. அவரது தோலின் நிறத்தைக் காரணம் காட்டி, அவர் வகுப்பெடுப்பதைப் பல்கலைக்கழகப் பொறுப்பாளர் ஒருவர் தடுக்க முயன்றார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் தலையிட்டு அந்தத் தடையை நீக்கினார்.

அந்நாள் முதல் அவரது வாழ்வு ஓர் ஒழுங்கில் அமைந்தது. ஒரு துறையை எடுப்பார். அதன் அடிவரை சென்று ஆய்வார். பெருநூல் ஒன்றை எழுதி முடிப்பார். அதை விட்டுவிட்டு அடுத்த துறைக்குப் போவார். விண்மீன்களின் இயக்கம், கதிர்வீச்சின் பயணம், பாய்மங்களின் நிலைப்பாடு, சுழலும் பொருள்களின் வடிவம், இறுதியில் கருந்துளைகள் எனத் துறைகள் மாறின. இவற்றுள் சில எப்படி மினுக்கத்தின் ஆய்வுக்கு வந்து சேர்ந்தன என்பதுதான் சுவையான கதை.

1943-இல் தற்செயல் நிகழ்வுகளின் கணிதம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நீரில் மிதக்கும் தூசு அங்குமிங்கும் அலைவதையும், கோடிக்கணக்கான விண்மீன்களுக்கிடையே ஒரு விண்மீன் இழுபடுவதையும் ஒரே கணிதத்தில் அடக்கினார். கயிற்றில் கட்டிய கன்றை எண்ணிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் அடியெடுத்து வைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வெகுதூரம் போனால் கயிறு இழுத்துவிடும். செயல்மிகு கருக்களின் மினுக்கமும் அப்படிப்பட்டதே. குறிப்பிட்ட தாளம் இல்லை. ஆனாலும் ஒரு சராசரியை விட்டு நெடுந்தூரம் போய்விடுவதுமில்லை. அக்கட்டுரை விரித்துரைத்த இந்தக் கன்றின் கணக்கை, 2009-க்குப் பிறகு கருக்களின் ஒளிமாற்றத்தை அளக்கப் பலரும் எடுத்துக்கொண்டனர்.

அதே 1943-இல் இன்னொன்றையும் கண்டார். விண்மீன் கூட்டத்தின் ஊடே செல்லும் கனமான பொருள் தன் பின்னால் விண்மீன்களை ஈர்த்துத் திரட்டும். அந்தத் திரள் அதைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும். இரு விண்மீன் மண்டலங்கள் மோதிக் கலக்கும்போது, அவற்றின் கருந்துளைகள் புதிய மண்டலத்தின் நடுவை நோக்கி அமிழ்வது இந்த இழுவையால்தான்.

1950-இல் கதிர்வீச்சுப் பயணம் பற்றிய நூல் வந்தது. எலெக்ட்ரான்களில் மோதிச் சிதறும் ஒளி எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிரும் என்பதை அவர் கணக்கிட்டிருந்தார். தட்டையான வாயுப் படலத்தை விளிம்போடு ஒட்டிப் பார்த்தால் அந்த அளவு 11.7 விழுக்காட்டை எட்டும் என்பது அவர் கண்ட விடை. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐஎக்ஸ்பிஇ என்ற செயற்கைக்கோள், செயல்மிகு கருக்களின் எக்ஸ்ரே அதிர்வுத் திசையை அளக்கத் தொடங்கியது. அந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளர்கள் இன்றும் சந்திரசேகரின் கணக்கிலிருந்தே தொடங்குகின்றனர்.

மினுக்கத்தின் வேர்

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 1960-இல் நடந்தது. இரண்டு உருளைகளுக்கு நடுவே மின்கடத்தும் திரவம் சுழல்கிறது. அதனூடே ஒரு மெல்லிய காந்தப் புலம் செல்கிறது. அந்தச் சுழற்சி நிலைத்து நிற்குமா என்பது கேள்வி. சோவியத் ஒன்றியத்தின் வெலிகோவ் 1959-இல் இதை ஆராய்ந்தார். சந்திரசேகர் 1960-இல் ஆராய்ந்தார். மெல்லிய காந்தப் புலமே சுழற்சியைக் குலைத்துவிடும் என்பது விடை. சந்திரசேகர் தமது 1961-ஆம் ஆண்டு நூலில் அதற்கு இடமளித்தார். வானியலாளர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டனர்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல், பால்பஸ், ஹாலி என்ற இருவர் அது கருந்துளைத் தட்டுக்குப் பொருந்துவதைக் காட்டினர். அதுவரை ஒரு புதிர் இருந்தது. சுழலும் வாயு தன் சுழற்சியை இழந்தால்தான் உள்ளே விழும், எதனால் இழக்கிறது? காந்தப் புலம் உள்வட்ட வாயுவையும் வெளிவட்ட வாயுவையும் ஒரு ரப்பர் பட்டைபோல் பிணைக்கிறது. முந்திச் செல்லும் உள்வட்டத்தைப் பட்டை பின்னுக்கு இழுக்கிறது. அது சுழற்சியை இழந்து உள்ளே விழுகிறது. வெளிவட்டம் அந்தச் சுழற்சியைப் பெற்று விலகுகிறது. தட்டு முழுவதும் கொந்தளிக்கிறது. வாயு சீராக விழாமல் அலையலையாக விழுவதற்கும், அதனால் எக்ஸ்ரே ஒளி கூடிக் குறைவதற்கும் இந்தக் கொந்தளிப்பே வேர் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இந்த ஆய்வுகளுக்கிடையே வேறு கடமைகளையும் அவர் சுமந்தார். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியராக இருந்து, சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை அமெரிக்க வானியல் கழகத்தின் இதழாக உயர்த்தினார். எக்ஸ்ரே வானியலின் தொடக்கக் கட்டுரைகள் பல அவ்விதழில்தான் வெளிவந்தன. யெர்க்கிஸிலிருந்து சிக்காகோவுக்கு சுமார் 130 கிலோமீட்டர் காரோட்டிச் சென்று சிறு வகுப்புக்கும் பாடம் நடத்தினார். அவரிடம் பயின்ற லீ, யாங் இருவரும் 1957-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அது கிடைக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின.

எடிங்டனும் சந்திரசேகரும்

அறுபது வயதைத் தாண்டியபின் அவர் கருந்துளைகளின் கணிதத்தில் இறங்கினார். இளமையில் அவை நகைத்த அதே பொருளுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். சுழலும் கருந்துளையின் இயல்புகளை ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1983-இல் வெளிவந்தது. நோபல் பரிசும் அதே ஆண்டில் வந்தது. வில்லியம் ஃபவுலருடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1982-இல், எடிங்டனின் நூற்றாண்டு விழாவுக்காகக் கேம்பிரிட்ஜ் அவரை அழைத்தது. எடிங்டனைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று அவர் போற்றிப் பேசினார். அதே வேளையில், 1935-இல் நேர்ந்த மறுப்பு வானியலின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தியது என்பதையும் மறைக்கவில்லை.

செயல்மிகு கருவை ஆராய்வோர் முதலில் எழுதும் எண் ஒன்று உண்டு. கரு எவ்வளவு பிரகாசமாக எரியலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேல் போனால் ஒளியின் தள்ளலே உள்ளே வரும் வாயுவை விரட்டிவிடும். அந்த வரம்பின் பெயர் எடிங்டன் எல்லை. கருந்துளை இருக்க முடியாது என்றவரின் பெயர் கருந்துளையின் ஒளிக்கு அளவுகோலாகிவிட்டது. எதிரெதிரே நின்ற இருவரின் பெயர்களும் இன்று ஒரே ஆய்வுக் கட்டுரையில் அருகருகே வருகின்றன.

விண்ணில் சந்திரா

1995 ஆகஸ்ட் 21 அன்று சிக்காகோவில் சந்திரசேகர் காலமானார். அவருக்கு வயது 84. துணைவியார் லலிதா 2013-இல், 102-ஆம் வயதில் மறைந்தார்.

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் ஒரு பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கியைச் சுமந்து சென்றது. நண்பர்கள் அவரை அழைத்த சந்திரா என்ற பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. நீள்வட்டப் பாதையில் பூமியை ஒருமுறை சுற்ற அதற்கு சுமார் 64 மணி நேரம் ஆகும். ஆகையால் ஒரே இடத்தை இடைவிடாமல் நெடுநேரம் பார்க்க முடியும். மினுக்கத்தைப் படிக்க இது பெரிய வசதி.

2000 அக்டோபரில் சந்திரா நமது பால்வெளியின் நடுவே உள்ள கருந்துளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூரியனைப்போல் சுமார் 40 இலட்சம் மடங்கு எடையுள்ள அது, இப்போது பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் கரு. திடீரென அதன் எக்ஸ்ரே ஒளி வழக்கத்தைவிட 45 மடங்கு உயர்ந்து, ஏறக்குறைய 3 மணி நேரத்தில் அடங்கியது. இடையே சுமார் 10 நிமிடத்தில் ஒளி ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது. மேலே நாம் போட்ட 18 கோடி கிலோமீட்டர் கணக்கு இந்த நிகழ்வுக்குரியதே. 2002-இல் என்ஜிசி 6240 என்ற மண்டலத்தில் ஒன்றையொன்று நெருங்கிவரும் இரண்டு செயல்மிகு கருந்துளைகளைச் சந்திரா காட்டியது. 1943-ஆம் ஆண்டின் இழுவைக் கணக்கு கண்முன் வந்து நின்றது. 2019-இல் ஜிஎஸ்என் 069 என்ற மண்டலத்தின் கரு ஏறத்தாழ 9 மணி நேரத்துக்கு ஒருமுறை வெடித்தெழுவதை ஐரோப்பியத் தொலைநோக்கியோடு சேர்ந்து உறுதிசெய்தது. ஐந்தாண்டு உழைக்கவென்று அனுப்பப்பட்ட அந்தக் கருவி 2024-இல் 25 ஆண்டுகளை நிறைவு செய்தது.

மாணவ நண்பர்களே, ஜாலான் புசாரின் கடைவிளக்குகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் விண்மீன்கள் அதிகம் தெரியாது. வானியல் நமக்கு எட்டாத துறை என்று சிலர் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எக்ஸ்ரே கதிர்கள் பூமியின் காற்றைக் கடந்து வருவதே இல்லை. நடுப் பாலைவனத்தில் நின்றாலும் அவற்றைத் தரையிலிருந்து காண முடியாது. இத்துறையில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான். சந்திராவின் பதிவுகள், அவற்றைக் கேட்டுப் பெற்ற ஆய்வாளருக்குரிய காலம் முடிந்ததும், எவரும் இலவசமாக எடுத்து ஆராயும்படி பொதுவில் வைக்கப்படுகின்றன. மடிக்கணினி ஒன்று இருந்தால் போதும்.

அதைவிடப் பெரிய பாடம் அவரது வாழ்விலேயே இருக்கிறது. 1943-இலும் 1960-இலும் அவர் எழுதியவை எங்கே பயன்படும் என்று அவருக்குத் தெரியாது. பயனைக் கருதி அவர் எழுதவுமில்லை. தம் கருத்து ஏற்கப்படவில்லை என்பதற்காக உழைப்பை நிறுத்தியிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது 1.4 என்ற ஓர் எண் மட்டுமே. ஆய்வேடு திருப்பி அனுப்பப்படலாம்; விண்ணப்பம் மறுக்கப்படலாம்; அவையில் நம் பேச்சுக்குச் சிரிப்பு எழலாம். அன்று மாலை நாம் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதே முக்கியம்.